ஒருமுறை மட்டும் வரும் காளை

1947 ஆகஸ்ட் 28. தென் ஸ்பெயினில் லினாரெஸ் என்ற ஊர். மனோலெத்தே என்ற புகழ்பெற்ற காளைச்சண்டை வீரர் வாளைச் செருகிய அதே நொடியில், இஸ்லெரோ என்ற காளை அவர் தொடையில் கொம்பைச் செருகியது. காளை அங்கேயே செத்தது. மறுநாள் விடிகாலையில் அவரும் போனார். வயது 30.

போடிப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாடுபிடி வீரர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னால், “அந்த மாடு அதுக்கு முன்னாடி எத்தனை வாடி பாத்துச்சு?” என்றுதான் முதலில் கேட்பார். ஒன்றுகூட இல்லை. பார்த்திருக்கவும் கூடாது. மைதானத்துக்கு வரும் காளை, தரையில் நின்று துணி வீசும் மனிதனை அதுவரை எதிர்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் ஸ்பானிய ஆட்டத்தின் அடிப்படை. வீரம் தாய்வழியில் வருகிறது என்று நம்பி, பண்ணைக்காரர்கள் துணி வீசிச் சோதிப்பது பசுக்களைத்தான். மைதானத்துக்குப் போகும் காளையை அப்படித் தொடுவதில்லை.

காரணம் அதன் கண்ணிலும் மூளையிலும் இருக்கிறது. நமக்கு நிறம் காட்டும் கூம்பு செல்கள் மூன்று வகை. மாட்டுக்கு இரண்டே வகை. சிவப்பை நாம் பார்ப்பதுபோல அது பார்ப்பதில்லை. சிவப்புத் துணி கூட்டத்துக்காக. மாட்டை இழுப்பது துணியின் அசைவு. பக்கவாட்டில் அமைந்த கண்களால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுவதும் அதற்குத் தெரியும். ஆனால் இரு கண்ணும் சேர்ந்து தூரத்தைத் துல்லியமாக அளப்பது முன்னால் ஒரு குறுகிய பரப்பில் மட்டுமே. செவில்லைச் சேர்ந்த ஹுவான் பெல்மோந்தே (1892–1962) இந்த இடைவெளியில்தான் தன் வாழ்க்கையைக் கட்டினார். கால் வலுவில்லாதவர், ஓடி விலக முடியாதவர். அதனால் கொம்புக்கு வெகு அருகில் அசையாமல் நின்று துணியை மட்டும் அசைத்தார். அதன்பிறகு அந்தக் கலையே மாறிப்போனது.

இந்த ஏமாற்று நெடுநேரம் செல்லாது. அன்பாக நடத்தியவர் யார், அடித்தவர் யார் என்று மாடுகள் ஆள் பிரித்து அறிவது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. மைதானத்தில் இருபது நிமிடம் போனால், குத்த வேண்டியது துணியை அல்ல, பின்னால் நிற்பவனை என்று காளை கண்டுபிடிக்கத் தொடங்கும். ஆட்டத்தை அதற்குள் முடித்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் கணக்கு தலைகீழ். அய்யம்பட்டியிலோ பல்லவராயன்பட்டியிலோ வாடிவாசலைத் தாண்டிய காளை சாயங்காலம் வீட்டுக்குப் போகும், அடுத்த வருஷமும் வரும். இருட்டான வாடியிலிருந்து வெளிச்சத்துக்குப் பாயும் அந்த முதல் தாவலில் என்ன செய்ய வேண்டும் என்பது அதற்கு நினைவிருக்கிறது. சில காளைகள் ஓடவே ஓடாது. சுற்றிச் சுற்றி ஆளைத் தேடும். அதைத்தான் ‘நின்னு விளையாடுற மாடு’ என்கிறார்கள். ஸ்பெயினில் புகழும் வரலாறும் மனிதனுக்கு. இங்கே பெயர் பெறுவது மாடு. எனக்கு இந்த ஏற்பாடுதான் நியாயமாகப் படுகிறது.

இன்னொரு வித்தியாசம் உடம்பில். நம் மாட்டின் திமில் கழுத்தையும் தோளையும் இணைக்கும் தசை பெருத்து எழுந்தது. விதிப்படி வீரர் அதை மட்டுமே அணைக்கலாம்: 15 மீட்டர், அல்லது 30 நொடி, அல்லது மூன்று துள்ளல். திமிலோடு ஒட்டியவனுக்குக் கொம்பு எட்டுவது கடினம். ஸ்பானியக் காளைக்குத் திமிலே கிடையாது. அது மேற்காசியாவில் பழக்கப்பட்ட வேறு கிளை. நம்முடையது சிந்து சமவெளிக்கு மேற்கே மெஹர்கர் வட்டாரத்தில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் பழகியது. இஸ்லெரோவை வாடிவாசலில் விட்டால் பிடிக்க இடமே இருக்காது.

குரங்கணி அடிவாரத்து மலைமாடுகளில், ஆள் பிரித்து அறியும் கூர்மை பச்சையாகத் தெரியும். மேய்ப்பவர் குரலுக்கு விலகும். அந்நியன் நெருங்கினால் கூட்டமே தலை நிமிர்த்தும். காட்டில் மேய்ந்து, இரவில் பட்டியில் அடைந்து வளரும் இந்தக் கூட்டத்திலிருந்து ஜல்லிக்கட்டுக்கும் காளைகள் போகின்றன. 

ஸ்பெயினிலும் அபூர்வமாக, அசாத்தியமாக ஆடிய காளைக்கு உயிர்ப்பிச்சை உண்டு. பண்ணைக்குத் திரும்பி இனவிருத்திக்கு நிற்கும். மைதானத்துக்கு மட்டும் மறுபடி அழைக்கமாட்டார்கள். பாடம் படித்துவிட்ட மாட்டுக்கு எதிரே யார் போய் நிற்பது?