பாறு கழுகுகளின் குடல் நுண்ணுயிர்கள்: காட்டு வாழ்வும் கூண்டு வளர்ப்பும்

திறவுச்சொற்கள்: பாறு கழுகு, குடல் நுண்ணுயிர்த் தொகுதி, கிளாஸ்ட்ரிடியா, காப்பிட இனப்பெருக்கம்

முன்னுரை

இந்தியாவில் வெண்முதுகுப் பாறு கழுகுகளின் எண்ணிக்கை 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 விழுக்காடு சரிந்தது. கால்நடைகளுக்கு வலிநீக்கியாகச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபெனாக், இறந்த கால்நடைகளின் இறைச்சி வழியே இப்பறவைகளின் உடலை அடைந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இக்காரணம் 2004இல் வெளிப்பட்டது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடைசெய்யப்பட்டது. எஞ்சிய பறவைகளைக் கொண்டு அரியானாவின் பிஞ்சோர், மேற்கு வங்கத்தின் ராஜாபட்காவா, அசாமின் ராணி, மத்தியப் பிரதேசத்தின் போபால் ஆகிய இடங்களில் இனப்பெருக்க மையங்கள் அமைக்கப்பட்டன. அங்குப் பொரிக்கும் குஞ்சுகள் பின்னொரு நாள் அழுகிய சடலத்தை உண்டு காட்டில் பிழைக்க வேண்டியவை. அதற்கேற்ற குடல் நுண்ணுயிர்கள் கூண்டு வாழ்வில் அவற்றுக்கு வாய்க்கின்றனவா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முகமும் குடலும்

இப்பொருளில் அடிப்படையாகக் கொள்ளத்தக்க ஆய்வு 2014இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த கருங்கழுகு, வான்கோழிக் கழுகு ஆகிய இரு இனங்களின் 50 பறவைகளில், முகத்தோலிலும் குடலிலும் இருந்த பாக்டீரியாக்கள் மரபணு வரிசைமுறை வழியே இனங்காணப்பட்டன. முகத்தோலில் சராசரியாக 528 வகைகளும் குடலில் 76 வகைகளுமே காணப்பட்டன. சடலத்தின் குடற்பகுதிக்குள் தலையை நுழைத்து உண்ணும் பறவையின் முகத்தில் அத்தனை வகைகள் ஒட்டியிருப்பதில் வியப்பில்லை. விழுங்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை குடலில் நிலைபெறாமற் போவதுதான் கருதத்தக்கது.

இவ்வடிகட்டலில் இரைப்பை அமிலத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆப்பிரிக்கப் பாறு கழுகுகளில் இதன் பி.எச். மதிப்பு 1 முதல் 2 வரை இருப்பதாக அறியப்பட்டுள்ளது. ஆயினும் அமிலம் அனைத்தையும் அழித்துவிடுவதில்லை. குடலில் மேலோங்கி நின்றவை கிளாஸ்ட்ரிடியா, ஃபியூசோபாக்டீரியா ஆகிய இரு தொகுதிகளாகும். இவற்றுள் முதல் தொகுதியைச் சேர்ந்த ‘கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்’ கோழிகளில் குடல் அழுகல் நோயை உண்டாக்குவது. கோழிக்கு நோயாவது கழுகுக்குக் குடியிருப்பாக இருக்கிறது. இறைச்சியைச் சிதைத்து ஊட்டம் பெற அது கழுகுக்கு உதவுகிறதா, அன்றி அதன் நச்சைக் கழுகு தாங்கிக்கொள்கிறதா என்பதை வகைகளின் பட்டியலை மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது.

கூண்டில் மாறுவன

கூண்டில் முதலில் மாறுவது உணவு. காட்டில் குடலும் தோலும் மண்ணும் கலந்த சடலம் கிடைக்கிறது. காப்பிடத்தில் கிடைப்பது தூய்மையான, புதிய இறைச்சி. டைக்ளோஃபெனாக் எச்சம் இல்லை என உறுதிசெய்யப்பட்ட இறைச்சியை அளிப்பது கட்டாயம். அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஆனால் நச்சு நீங்கிய உணவில் நுண்ணுயிர்களும் குறைந்துவிடுகின்றன. நோயுற்ற பறவைக்குத் தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள் இம்மாற்றத்தை மேலும் விரைவுபடுத்தலாம். கோழி மருத்துவ அளவுகோலைக் கொண்டு, எச்சத்தில் கிளாஸ்ட்ரிடியா உள்ளது என்பதற்காகவே ஒரு பாறு கழுகுக்கு மருந்தளிப்பது பிழையாகலாம்.

இரண்டாவது மாற்றம் குஞ்சு வளர்ப்பைச் சார்ந்தது. பெற்றோர் தீனிப்பையிலிருந்து கக்கி ஊட்டும் உணவு ஊட்டத்தோடு நுண்ணுயிர்களையும் குஞ்சுக்குக் கடத்தும் வழியாகும். கலிஃபோர்னியாக் கான்டர்கள் 1987இல் 27 மட்டுமே எஞ்சி, அனைத்தும் கூண்டுக்குள் கொண்டுவரப்பட்டன. அங்குக் குஞ்சுகள் மனிதரோடு பழகிவிடாதிருக்கக் கான்டர் தலை வடிவக் கைப்பாவையால் அவற்றுக்கு உணவூட்டினர். பாவை தாயின் முகத்தைத் தந்தது. தாயின் தீனிப்பையைத் தர அதனால் இயலாது. இக்குறை நிலையானது என்று கூறுவதற்கில்லை. விடுவிக்கப்பட்ட கான்டர்கள் காட்டில் இனம்பெருக்கியுள்ளன. எனவே பிற்காலத்தில் உண்ணும் சடலங்களிலிருந்து நுண்ணுயிர்கள் குடியேறுவதும் கூடும்.

ஒப்பீட்டின் இடர்கள்

தமிழில் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்னும் ஒரே பெயர் இரு வேறு மரபுகளைக் குறிக்க வழங்குகிறது. அமெரிக்கக் கழுகுகள் தனிக் குடும்பம். இந்தியப் பாறுகள் பருந்துகளின் குடும்பம். (சங்கப் பாடல்களில் வரும் ‘பாறு’ என்னும் பெயரை இந்திய இனங்களுக்கு உரித்தாக்கினால் இக்குழப்பம் குறையும்.) ஆகவே 2014ஆம் ஆண்டு ஆய்வின் முடிவை வெண்முதுகுப் பாறுக்கு அப்படியே பொருத்துதல் தகாது. ஆந்தைகளின் தரவைப் பொருத்துவது அதனினும் பிழை. ஆந்தைகளுக்குச் சீக்கம் எனும் குடற்பை நன்கு வளர்ந்திருக்க, பாறு, பருந்து, வல்லூறு ஆகியவற்றில் அது சுவடாக மட்டுமே உள்ளது. ‘இரைகொல்லிப் பறவைகள்’ என்று இவற்றை ஒருசேரக் கணக்கிடும் ஒப்பீடுகளில் கூண்டின் விளைவையும் உடலமைப்பின் விளைவையும் பிரித்தறிதல் கடினம்.

மரபணு வரிசைமுறை உயிருள்ள பாக்டீரியாவையும் இறந்ததன் எச்சத்தையும் வேறுபடுத்துவதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அன்று உண்ட சடலத்தின் நுண்ணுயிர்களே அன்றைய எச்சத்தில் தோன்றக்கூடும். எனவே ஒரே பறவையிடம் விடுவிப்புக்கு முன்னும் பின்னும், வெவ்வேறு நாள்களில் எடுக்கப்படும் மாதிரிகளே வினாவுக்கு விடைதரும்.

ஒப்பிடுவதற்குரிய காட்டுப் பறவைகள் தமிழ்நாட்டில் உள்ளன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் கூடுகட்டுகின்றன. பறவையைப் பிடிக்காமலே மரத்தடியில் விழும் எச்சத்தைச் சேகரிக்கலாம். ஆனால் விழுந்த எச்சத்தில் மண்ணின் பாக்டீரியாக்கள் விரைவில் கலந்துவிடும் என்பதால், அது விழுந்த பொழுதையும் இடத்தையும் பதிவுசெய்து, அருகிலுள்ள மண்ணின் மாதிரியையும் உடன் எடுத்தல் வேண்டும்.