உங்களுக்குத் தெரியுமா? வாலிகண்டபுரம்

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையோரம், பெரம்பலூருக்கு வடக்கே உள்ள சிற்றூர் வாலிகண்டபுரம். இராமாயணத்து வாலி வழிபட்ட தலம் என்பதால் இப்பெயர் வந்ததாக ஊரார் கூறுவர். இங்குள்ள வாலீசுவரர் கோயில் சோழர் காலத்தது. அருணகிரிநாதரின் திருப்புகழில் இவ்வூர் வாலிகொண்டபுரம் எனப்படுகிறது.

ஆங்கிலேயர் இதை ‘வால்கொண்டா’ என எழுதினர். 1751இல் ஆர்க்காட்டு நவாப் பதவிப் போட்டியில் அவர்கள் முகமது அலிக்காகவும், பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபுக்காகவும் மோதிய வால்கொண்டா போர் பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டைப் பகுதியில் நடந்தது. தோற்ற ஆங்கிலப் படை திருச்சிக்குப் பின்வாங்கியது. அகழியும் கருங்கல் மதிலும் கொண்ட அக்கோட்டை இன்றும் நிற்கிறது. வண்டியை நிறுத்தி ஏறிப் பார்க்கத் தக்கது.

சுற்றுவட்டாரக் கரிசல் நிலத்தில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளைகின்றன. இவற்றுள் வெங்காயத்துக்கே பாடு அதிகம். அறுவடைக்குப் பின் நல்ல விலைக்காகவும் அடுத்த நடவுக்கான விதைக்காகவும் அதை வயலிலேயே ‘பட்டறை’ போட்டு வைப்பார்கள். ஈரம் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்திப் பரப்பு அமைத்து, காய்ந்த வெங்காயத்தை அதன்மேல் குவித்து, பக்கங்களில் காற்றோட்டம் விட்டு, மேலே கீற்று வேய்வது வழக்கம். காற்று தடைபட்டால் அழுகும். மழைநீர் இறங்கினால் முளைவிடும். முறையாகப் போட்ட பட்டறையில் வெங்காயம் சில மாதங்கள் கெடாமல் இருக்கும். குளிர்பதனக் கிடங்கோ மின்சாரமோ தேவைப்படாத இந்த ஏற்பாடு உழவரின் கைத்தேர்ச்சிக்கு நல்ல சான்று.