ஒரு கிழங்குக்கு ஐந்து பெயர்: பில்லில் எதை எழுதுவது?

மருந்துச் சரக்கில் கைவைக்கும் வியாபாரி முதலில் படிக்க வேண்டியது விலையை அல்ல, பெயரை. அரிசியில் பெயர் மாறினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். மருந்துக் கிழங்கில் பெயர் மாறினால் ஒரு வீட்டில் ஜனாஸா எடுக்க வேண்டி வரும்.

நமது குச்சவெளிப் பக்கம் மாரி மழை விழுந்ததும் வேலியோரங்களில் படர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூக்கும் கார்த்திகைப் பூவை அறியாதவர் குறைவு. அதன் கிழங்கைத்தான் சொல்கிறேன். கார்த்திகைக் கிழங்கு என்பார்கள். கலப்பைபோல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு, செங்காந்தள். சிங்களத்தில் நியங்கலா. கண்வலி என்ற பெயரைக் கேட்டு, கண்ணுக்கு மருந்து என்று எவராவது எண்ணிவிட்டால் என்னாவது?

இத்தனை பெயருக்கும் உலகம் முழுதும் ஒரே பெயர் உண்டு: குளோரியோசா சுபர்பா. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் உள்ள பெயர் அது. திருகோணமலையில் எழுதினாலும் ஜெர்மனியில் வாசித்தாலும் அதே செடிதான். வியாபாரிக்கு இது பெரிய வசதி.

இதன் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்ற சத்து இருக்கிறது. கவுட் என்னும் மூட்டு வாதத்துக்கு அதுவே மருந்து. 2023இல் அமெரிக்காவில், மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் அரை மில்லிகிராம் மாத்திரையாக அனுமதித்தார்கள். மருந்தின் அளவே அரை மில்லிகிராம் என்றால், கிழங்கைச் சமைத்துத் தின்றால் என்ன நடக்கும்?

நமது நாட்டில் வத்தாளைக் கிழங்கு என்று எண்ணி இதை அவித்துத் தின்றவர்கள் இருக்கிறார்கள். அவித்தாலும் நஞ்சு போகாது. சில மணித்தியாலங்களில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பின்னர் உள்ளுறுப்புகள் பழுதாகும். பிழைத்தவருக்கும் முடி கொட்டுவதுண்டு. நாட்டு வைத்தியர்கள் சுத்தி செய்துதான் பாவிப்பார்கள். அது கடைக்காரர் செய்யும் வேலையல்ல.

அப்படியானால் இந்தச் சரக்கைத் தொடவே கூடாதா? அப்படியல்ல. தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் கம்பிப் பந்தல் போட்டு இதைப் பயிரிடுகிறார்கள். அங்கே விதைக்கிழங்கு நடுவதற்கு. பணம் தருவது விதை. மருந்துக் கம்பனிகளுக்காக அது வெளிநாடு போகிறது. ஆனால் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். வாங்குபவர் சிலரே என்பதால் விலையைச் சொல்வதும் அவர்களே. விதையைப் பதுக்கி வைத்துக் கைசுட்டுக் கொண்டவர்களும் உண்டு.

ஆகவே வியாபாரச் சகோதரர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாங்குபவர் யாரென்று தெரியாமல் கொள்முதல் செய்யாதீர்கள். காட்டில் பிடுங்கியதா, தோட்டத்தில் விளைந்ததா என்று கேளுங்கள். அனுமதி வேண்டுமா என்பதை முன்பே விசாரியுங்கள். பில்லிலும் சாக்கிலும் ஊர்ப்பெயரோடு விஞ்ஞானப் பெயரையும் எழுதுங்கள். 'நஞ்சு' என்ற சொல்லைப் பெரிதாகப் போடுங்கள். உணவுக் கிழங்குகள் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள். சில்லறையாகக் கேட்டு வருபவருக்குக் கொடுக்காதீர்கள்.

சரக்கின் குறையை மறைத்து விற்பதை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது. நஞ்சை மறைப்பது அதைவிடப் பெரிய குற்றம். ஒரு வரி எழுத ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு வரி ஓர் உயிரைக் காக்கும். உங்கள் கடையின் பெயரையும் காக்கும், இன்ஷா அல்லாஹ்.