பல் டாக்டர் ஆக ஆசையா? வேதியியலைக் கண்டு மிரளாதீர்கள்!



எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வந்த அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது? உயிரியலில் ஏ. பொதுப்பாடத்தில் ஏ மைனஸ். வேதியியலில் மட்டும் சி. அடுப்படியில் நின்ற அம்மா, "அந்த ஒண்ணுதானே, போகட்டும் விடு" என்கிறார். அப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏற்கெனவே, "எம் மக பல் டாக்டருக்குப் படிக்கப் போறா" என்று சொல்லி வைத்துவிட்டார். பிள்ளை வாயே திறக்கவில்லை. போகட்டும் என்று விடக்கூடிய பாடம் இதுவல்ல என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். பல் மருத்துவக் கல்லூரி வாசலில் முதலில் பார்ப்பது வேதியியலையும் உயிரியலையும்தான். இயற்பியல் அல்லது கணிதம் அதற்குப் பிறகு.

இந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் பல் மருத்துவம் படிக்கச் சிங்கப்பூருக்குத்தான் போக வேண்டும். அங்கே 1929-இல் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறை 1972-இல் பிறந்தது. இன்று கோலாலம்பூரிலேயே தேசியப் பல்கலைக்கழகமும் பல் மருத்துவம் கற்பிக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பார்த்தால் எல்லாம் கூப்பிடு தூரம். ஆனால் இடங்கள் மிகக் குறைவு. எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளைகளே விரும்பிய படிப்புக் கிடைக்காமல் கண் கலங்குவதை ஆண்டுதோறும் பத்திரிகைகளில் படிக்கிறோம். இதை மறைத்துவிட்டு உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனமில்லை.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு முன்னால் இரண்டு பாதைகள். ஒன்று மெட்ரிகுலேஷன். பூமிபுத்ரா அல்லாதாருக்கு அது 2003-இல் பத்து விழுக்காடு என்ற அளவில் திறக்கப்பட்டது, 2024-இல் எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்த எல்லாருக்கும், எந்த இனமானாலும், இடம் உண்டு என்று அரசு அறிவித்தது. மற்றொன்று ஆறாம் படிவம். மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்காத தோட்டத்துப் பிள்ளைக்கும், கிள்ளான் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கும் இந்த இரண்டாவது பாதைதான். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். அந்த மூன்று பருவத்தையும் வேதியியல் விடாமல் துரத்திக் கொண்டே வரும்.

பல்லுக்கும் வேதியியலுக்கும் என்ன உறவு?

பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பல்லைப் பிடுங்குகிறவருக்கு எதற்கு இத்தனை சமன்பாடு? நியாயமான கேள்விதான். பல்லின் மேற்பூச்சை எனாமல் என்கிறோமே, அது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு கனிமம். சீனி போட்ட தே தண்ணீரைக் குடித்ததும் வாயிலுள்ள கிருமிகள் அந்தச் சீனியை அமிலமாக்குகின்றன. வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் சுரந்து அமிலத்தைத் தணித்ததும் கரைந்த கனிமம் கொஞ்சம் திரும்பி வந்து படியும். கரைவதும் படிவதுமாக நாள் முழுவதும் இழுபறி. முதல் பருவப் புத்தகத்தில் 'சமநிலை' என்று ஒரு பாடம் இருக்கிறதே, அது இதேதான். பற்பசையில் புளோரைடு சேர்ப்பதும் இதனால்தான். அது சேர்ந்த எனாமல் கரைய, பி.எச். இன்னும் கீழே, 4.5 அளவுக்கு இறங்க வேண்டும்.

இன்னொன்று. சீழ் கட்டிய பல்லுக்கு மரப்பு ஊசி போட்டும் வலித்தது என்று சொல்கிறவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். ஊசி மருந்து ஒரு மென்காரம். அது நரம்புக்குள் நுழைய, மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். சீழ் பிடித்த இடமோ அமிலத்தன்மை உடையது. அங்கே மருந்தின் பெரும்பகுதி மின்னூட்டம் பெற்று வெளியிலேயே நின்றுவிடுகிறது. டாக்டர் ஊசியை வேறு இடத்தில் போடுவதும், மாத்திரை கொடுத்துப் பிறகு வரச் சொல்வதும் இந்தக் கணக்கைத் தெரிந்து கொண்டுதான்.

இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையேதான் மற்ற இனத்தாரைவிட அதிகம். வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். தோட்டத்தில் நாற்பது வருடம் வெற்றிலை போட்ட ஒரு பாட்டி, "வாயில வெள்ளையா என்னமோ இருக்குய்யா" என்று தன் மொழியில் சொல்ல, அதைப் புரிந்து கொண்டு வாயைத் திறக்கச் சொல்லும் டாக்டர் கிடைப்பது எத்தனை பெரிய உதவி! அந்தப் பேத்தியின் சி கிரேடைப் பற்றி இவ்வளவு பேசுவதும் அதனால்தான்.

ஆசிட் நமக்குப் புதிதா?

தோட்டத்துப் பிள்ளைக்கு வேதியியல் வராது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மங்கில் வடிந்த பால் ஸ்டோருக்குப் போகும் முன்பே உறைந்துவிடாமல் இருக்க நம் பெரியவர்கள் என்ன ஊற்றினார்கள்? அம்மோனியா. ஸ்டோரில் பாலை உறைய வைக்க என்ன ஊற்றினார்கள்? ஃபார்மிக் ஆசிட். ரப்பர் பாலில் மிதக்கும் துகள்களின் மேல் புரதத் தோல் ஒன்று உண்டு. அதில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. ஆசிட் அந்த மின்னூட்டத்தை அழித்ததும் அவை ஒட்டிக் கொள்கின்றன. அம்மோனியா அதைக் காப்பாற்றி வைக்கிறது. அமிலம், காரம் என்ற இரண்டு பாடமும் தாத்தாவின் வாளிக்குள்ளேயே இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களிலும் இதைச் சொல்லப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் பருவத்துக் கரிம வேதியியலும் அப்படித்தான். கள்ளுக்கடையை நினைத்துக் கொள்ளுங்கள் (நினைத்தால் போதும், உள்ளே போக வேண்டாம்!). தென்னங்கள்ளில் சர்க்கரை சாராயச் சத்தாகிறது, அதுதான் எத்தனால். நாள்பட்டால் புளித்துக் காடியாகிறது. அது எத்தனாயிக் அமிலம். நடுவில் எத்தனால் என்று ஒலிக்கும் இன்னொரு பொருள் வரும். ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமிலம் என்று வரிசையாகப் போகும் அந்தப் பாதையைத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறவர்கள் குழம்புவார்கள். கிள்ளானிலிருந்து ஷா ஆலாம், சுபாங் ஜெயா என்று கம்யூட்டர் ரயில் பாதையை நினைவில் வைப்பது போல ஒரு பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு எந்த மருந்தைச் சேர்த்தால் போகலாம் என்பது கண்ணில் படிந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறு சங்கிலியாகக் கோத்தது. அதே ஐசோப்ரீன், கோக்கும் முறை மட்டும் மாறினால், கெட்டா பெர்ச்சா என்னும் விறைப்பான பொருளாகிறது. ரப்பர் சிஸ் வடிவம், இது டிரான்ஸ் வடிவம். இந்தக் கெட்டா பெர்ச்சா நம் மலாயாக் காட்டு மரத்தின் பால். பெயரே மலாய்ப் பெயர். 1843-இல் சிங்கப்பூரிலிருந்து மோன்ட்கோமரி என்ற டாக்டர் இதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. இன்றைக்கும் பல் வேர்ச் சிகிச்சையில், வேரைச் சுத்தம் செய்தபின் உள்ளே அடைப்பது இதைத்தான். சிஸ், டிரான்ஸ் என்ற பாடம் வரும்போது பால் மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை ஏன் விழிக்க வேண்டும்?

தடுக்கி விழும் இடங்கள்

அப்படியானால் சி ஏன் வருகிறது? புத்திக் குறைவு என்று நான் ஒப்ப மாட்டேன். முதல் காரணம் மொழி. தமிழ்ப்பள்ளியில் 'சமநிலை' என்று தெரிந்த சொல், இடைநிலைப்பள்ளியில் 'கெசெய்ம்பாங்கான்' ஆகிறது. டியூஷனில் 'ஈக்குவிலிப்ரியம்' ஆகிறது. 2003-இல் அறிவியலை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 2009-இல் அதைக் கைவிட முடிவு செய்தார்கள். அண்ணன் வைத்திருந்த குறிப்பு தம்பிக்குப் பயன்படாமல் போன வீடுகள் பல. ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு, ஒரே பொருளின் மூன்று பெயரையும் எழுதி வரச் சொல்லுங்கள். செலவு ஒரு வெள்ளிக்கு மேல் ஆகாது.

இரண்டாவது, மோல். இந்த ஒரு சொல் என்னையும் பல நாள் அலைக்கழித்தது. கடையில் அரிசியை நாம் எண்ணி வாங்குவதில்லை, நிறுத்து வாங்குகிறோம். அணுக்களையும் எண்ண முடியாது. நிறுத்துத்தான் எண்ணிக்கையை அறிய வேண்டும். 46 கிராம் ஃபார்மிக் ஆசிட் ஒரு மோல். 60 கிராம் காடி அமிலம் ஒரு மோல். இரண்டிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. இது பிடிபடாதவனுக்கு முதல் பருவம் முழுவதும் இருட்டுத்தான். நான்காம் படிவப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படிப்பதில் வெட்கம் வேண்டாம்.

மூன்றாவது, எழுதிப் பழகாமை. 2012-இல் வந்த பருவத் தேர்வு முறையில் மொத்தம் 60 மதிப்பெண். பாதி, அதாவது 30, விரிவாக எழுதும் பகுதிக்கு. நேரம் 90 நிமிடம். புத்தகத்தை வாசித்துத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் கவிழ்கிறார்கள். பழைய ஆண்டு வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை வைத்து, புத்தகத்தை மூடி எழுதட்டும். தவறிய கணக்கை இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போடட்டும்.

டியூஷனைப் பற்றிக் கேட்பீர்கள். டாக்டர் எம். தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியபின் நம் சமூகத்தில் சேர்ந்து படிக்கும் பழக்கம் வளர்ந்தது, நல்லதே. கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வரை டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளும் உண்டு. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போனால், தானாக உட்கார்ந்து எழுத நேரம் ஏது? ஒரு நாள் டியூஷனும், வீட்டருகே இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதிப் பார்ப்பதும் மேல் என்பது என் எண்ணம்.

கடைசியாகப் பணம். தனியார் கல்லூரியில் பல் மருத்துவம் ஐந்து ஆண்டு. செலவு சில லட்சம் வெள்ளி. பி.டி.பி.டி.என். கடன் முழுவதையும் ஈடுகட்டாது. இ.பி.எஃப். பணத்தில் பிள்ளைப் படிப்புக்கென்று எடுக்க வழியுண்டு. ஆனால் அது உங்கள் முதுமைக்கான அரிசி. கையெழுத்துப் போடுமுன், அந்தப் பட்டத்தை மலேசியப் பல் மருத்துவ மன்றம் ஏற்றிருக்கிறதா என்று அதன் பட்டியலில் பாருங்கள். ஏஜெண்டின் வாய்ச்சொல் போதாது. வேதியியல் எவ்வளவு முயன்றும் வரவில்லை என்றால், பள்ளிக்கூடத்துக்கு வந்து நம் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் 'பல் நர்ஸ்' அக்காவை நினைத்துப் பாருங்கள். அந்தப் பயிற்சி 1949-இலிருந்து பினாங்கில் நடக்கிறது. இப்போது பல் சிகிச்சையாளர் என்கிறார்கள். எஸ்.பி.எம். தகுதியோடு விண்ணப்பிக்கலாம்.

அதற்கு முன், அந்த முடிவுத் தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். சி வந்தது எந்தப் பருவத்தால் என்று பாருங்கள். பருவத் தாளைத் திரும்ப எழுதலாம். இரண்டில் கூடிய மதிப்பெண்ணே கணக்கில் சேரும். மறுதேர்வுப் பதிவுக்குக் கெடு உண்டு. நாளைக் காலையிலேயே ஆறாம் படிவ ஆசிரியரிடம் போய்த் தேதியைக் கேட்டு, நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.