காங்கிரீட்டுக்குள் புதைத்த பைப் எத்தனை காலம் தாங்கும்?

மாட்டுக் கொட்டகைக்குத் தரை போடும்போது, தண்ணீர் பைப்பை அடியிலேயே விட்டு மேலே காங்கிரீட் போட்டு மூடிவிடுகிறோம். பின்னாடி ஒழுகினா தரையை உடைக்கணும். இதில் நமக்கு முன்பே அடிபட்டுக் கற்றவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள்.

அங்கே வீட்டிலும் பன்றிக்குட்டிக் கொட்டகையிலும் தரைக்குள் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, வெந்நீர் ஓடவிட்டுக் கதகதப்பாக வைப்பார்கள். அமெரிக்காவில் நியூயார்க் பக்கத்தில் உள்ள லெவிட்டவுனில் 1947 முதல் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படிச் செம்புக் குழாய் பதித்தார்கள். காலப்போக்கில் பல வீடுகளில் குழாய் அரித்து ஒழுகியது. தரையை உடைக்க மனமில்லாத பலர் அதைக் கைவிட்டு, சுவரோரம் வேறு ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

1968-இல் ஜெர்மனியின் தாமஸ் எங்கெல், பாலிஎத்திலீன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒரு முறையைக் கண்டறிந்தார். அப்படிப் பிணைத்த பைப்புக்கு 'பெக்ஸ்' என்று பெயர். நம்ம கருப்பு எச்.டி.பி.இ. பைப்பும் பாலிஎத்திலீன்தான், பிணைப்பு மட்டும் இல்லை.

பெக்ஸ் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரம் அதை அரிக்காது. காங்கிரீட்டுக்குள் வெயிலும் படாது. 80 டிகிரிக்கு மேலும் தாங்கும் பைப்பில், தரைக்காக ஓடும் தண்ணீர் பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரிதான். அதனால் பல பத்தாண்டுகள் நிற்கிறது. ஒரே சிக்கல், காற்றிலுள்ள ஆக்சிஜன் பைப் சுவர் வழியாகக் கசிந்து உள்ளே போகும். பைப்புக்கு ஒன்றும் ஆகாது. சுற்றிச் சுற்றி ஓடும் அதே தண்ணீரில் கலந்து இரும்பு பம்பையும் கொதிகலனையும் துருப்பிடிக்க வைக்கும். இதைத் தடுக்கவே அந்த பைப்பில் தனியாக ஒரு படலம் சேர்க்கிறார்கள்.

அப்ப பைப் எங்கே கெடுது? பெரும்பாலும் காங்கிரீட் போடுறதுக்கு முன்னாடியும், போடுற அன்னிக்கும்தான். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த சுருள், கம்பி முனை குத்தியது, மண்வெட்டி பட்டது, உள்ளே போட்ட ஜாயிண்ட். இவைதான் காரணம்.

நாம் செய்ய வேண்டியவை:

• பைப் சுருளை நிழலில் வையுங்கள்.
• தரைக்குள் ஜாயிண்ட் வேண்டாம். ஒரே நீளமாக விடுங்கள்.
• தரையில் பிரிவுக்கோடு வரும் இடத்தில், பெரிய பைப் துண்டுக்குள் நுழைத்துக் கடத்துங்கள். தரை அசைந்தாலும் பைப் அறுபடாது.
• தண்ணீர் நிரப்பி, அழுத்தமானி மாட்டி, அழுத்தம் குறையாமல் இருக்கும்போதே காங்கிரீட் கொட்டுங்கள். ஓட்டை விழுந்தா முள் இறங்கும். அப்பவே சரி பண்ணிடலாம்.
• மூடுவதற்கு முன் அளவெடுத்து, போட்டோ எடுத்து வையுங்கள்.

முடிந்தால் பைப்பைத் தரைக்கு வெளியே ஓரமாகவே கொண்டுபோங்கள். மண்ணுக்குள்ள ஒழுகினா மண்வெட்டி போதும். காங்கிரீட்டுக்குள்ள ஒழுகினா தரையே போயிடும்.