படகு ஏறும் படிக்கட்டு!

ஒகேனக்கல்லில் பரிசல் பார்த்திருப்பீர்கள். அருவி குறுக்கிட்டால் பரிசல்காரர் என்ன செய்வார்? பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறி நடந்துவிடுவார். மூட்டைகள் ஏற்றிய பெரிய படகை அப்படித் தூக்க முடியுமா?

அதற்காகத்தான் கால்வாய்களில் 'லாக்' கட்டினார்கள். சென்னை வழியாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கினார்கள். உப்பும் விறகும் படகில் வந்த அந்தக் கால்வாயிலும், ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் லாக்குகள் இருந்தன.

எப்படி வேலை செய்கிறது?

லாக் என்பது இருபுறமும் கதவுள்ள பெரிய தொட்டி. கீழிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடுவார்கள். மேல்பக்க மதகைத் திறந்தால் தண்ணீர் நிரம்பும், படகும் உயரும். மட்டம் சமமானதும் முன்கதவைத் திறக்கலாம். இறங்கும் படகுக்கு, தொட்டித் தண்ணீரைக் கீழே வடிப்பார்கள். பம்புசெட்டே வேண்டாம்!

வேலையைப் பங்கு போடு!

இங்கிலாந்துக் கால்வாய்களில் இன்றும் பல லாக்குகளைப் படகில் வருபவர்களே கையால் இயக்குகிறார்கள். ஒருவர் படகைச் செலுத்துவார். ஒருவர் கரையில் முன்னால் நடந்து அடுத்த லாக்கைத் தயார் செய்வார். மற்றவர் பின்தங்கிக் கதவுகளை மூடிவிட்டு வருவார். அகலமான லாக் என்றால் இரண்டு ஒடுக்கமான படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். இரண்டு படகுக்கும் ஒரே தண்ணீர், வேலையும் பாதி!

எதிரே படகு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏன் தெரியுமா? இந்தக் கணக்கைப் போடுங்கள்.

காலியான லாக். 2 படகுகள் ஏற வேண்டும். 2 இறங்க வேண்டும். 'நான்தான் முதலில்' என்று ஏறுபவை இரண்டும் முந்திக்கொண்டால், தொட்டியை 3 முறை நிரப்ப வேண்டும். ஒன்று ஏற, ஒன்று இறங்க என்று விட்டுக்கொடுத்தால் 2 முறை போதும். ஏறிய படகுக்கு நிரப்பிய தண்ணீரிலேயே எதிர்ப்படகு இறங்கிவிடுகிறதே!

தண்ணீர்தான் உயிர்

1914-இல் திறந்த பனாமா கால்வாயில், ஒரு கப்பல் கடக்கச் சுமார் 20 கோடி லிட்டர் ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகிறது. அந்த ஏரிதான் மக்களுக்குக் குடிநீரும் தருகிறது. 2023-இல் மழை பொய்த்தபோது கப்பல்களின் எண்ணிக்கையையே குறைத்தார்கள். சிறிய கப்பல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அனுப்பியும், பக்கத்து லாக்கின் தண்ணீரை வாங்கி நிரப்பியும் மிச்சம் பிடித்தார்கள்.

குடிநீர்க் குழாயடி வரிசைக்கும் இதே கணக்குதான், செல்லங்களே. முந்தினால் எல்லோருக்கும் நஷ்டம். முறை வைத்தால் எல்லோருக்கும் லாபம்!