சார்ந்ததன் இயல்பாகும் காரீய ஏடு

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளிலே தேயிலையோடு பழகியோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. உலர்த்திப் பக்குவஞ்செய்த தேயிலைத் தூளை மணமுள்ள பொருளின் அருகில் வைத்தல் ஆகாது. மண்ணெண்ணெயாயினும் மிளகாயினும் அதன் வாடையைத் தூள் பற்றிக்கொள்ளும். உயிரானது சார்ந்ததன் இயல்பைப் பெறும் என்பர் சைவ சித்தாந்திகள். அதற்குப் பளிங்கை உவமை காட்டுவர். உயிரற்ற காரீயத்திலும் இத்தகைய இயல்பு உண்டென விஞ்ஞானம் இன்று காட்டுகின்றது.

மாணவன் பென்சிலாற் கீறும் கரிய கோட்டில் இருப்பது காரீயம். காபன் அணுக்களாலான அறுகோண வலை ஏடுகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பெற்றதே அது. ஓரணுத் தடிப்புள்ள தனியேடு கிராபீன் எனப்படும். 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆந்திரே கெயிம், கொன்ஸ்தாந்தீன் நொவொசெலோவ் என்போர் ஒட்டுநாடாவினால் அதனைப் பிரித்தெடுத்தனர். 2010இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒவ்வொரு காபனும் தன் புற இலத்திரன் நான்கனுள் மூன்றை அயலணுக்களோடு பிணைப்பதற்கு அளிக்கின்றது. எஞ்சிய ஒன்று ஏடு முழுமைக்கும் பொதுவாகி உலவுகின்றது. மின் எளிதிற் பாய்வது இதனாலேயாம். காந்த இயல்போ இல்லை. கோலாட்டத்தில் இரு வரிசையார் இணையிணையாக நிற்பதுபோல், அணுக்கள் ஒன்றுவிட்டொன்றாய் இரு வகுப்பாக நிற்கின்றன. அவற்றின் இலத்திரன்கள் இணைந்து, ஒன்றன் காந்தத்தை மற்றொன்று அழிக்கின்றது.

இவ்வேட்டில் ஐதரசன் அணுவொன்று ஒட்டினால் நிகழ்வது யாது? தான் அமர்ந்த காபனின் பொது இலத்திரனை அது பிணைத்துக்கொள்ளும். ஆட்டத்தினின்று ஒருவர் விலக, எதிர்வரிசையில் ஒருவர் துணையின்றி நிற்பார். அத்தனி இலத்திரனே காந்தமாகின்றது. மட்ரிட் ஆய்வாளர் 2016இல் இதனைக் கண்டு வெளியிட்டனர். ஒரே வகுப்புக் காபன்களில் இரு ஐதரசன்கள் அமர்ந்தால் காந்தம் கூடும். வகுப்புக்கு ஒன்றாக அருகருகே அமர்ந்தால் மறையும். ஒட்டும் பொருள் ஒன்றே. இடம் வேறு, பயனும் வேறு.

ஏடெங்கும் ஐதரசன் படிந்தால் கடத்தியானது காவலியாகும்; சூடேற்றி அகற்றினால் பழைய இயல்பு மீளும் என 2009இல் மான்செஸ்டரிற் காட்டப்பட்டது. நைதரசனீரொட்சைட்டு வாயு ஏட்டின் இலத்திரனைக் கவரும். அமோனியா இலத்திரனை அளிக்கும். அதனால் மின்தடை மாறும். ஒரேயொரு மூலக்கூறு படிவதையும் இம்மாற்றத்தால் உணரலாம் என்பது 2007இல் தெளிவாயிற்று.

ஈண்டுப் பளிங்குவமை முற்றும் பொருந்தாது. செம்மலரைச் சார்ந்த பளிங்கு சிவந்து தோன்றுமேயன்றித் தான் சிவப்பதில்லை. கிராபீனோ மெய்யாகவே மாறுகின்றது. தேயிலையுவமை அதனினும் அணுக்கமானது. ஆயினும் வாடை பற்றிய தூள் எளிதில் மீளாது, ஏடு மீளும்.

இவ்வாராய்ச்சி நமக்குத் தொலைவானதன்று. கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் மிகத் தூய காரீயம் அகழப்படுகின்றது. ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் அதிலிருந்து கிராபீன் ஆக்கும் ஆய்வில் ஈடுபட்டுள்ளது. தேயிலையை மொத்தமாகக் கப்பலேற்றி, கலவையின் ஊதியத்தைப் பிறநாட்டார் பெறக் கண்டது மலையகம். காரீயத்திலும் அந்நிலை தொடர வேண்டுமா? அகழ்வதற்குக் கை போதும்; எதனை எவ்விடத்தில் ஒட்டுவது என்றறியக் கல்வி வேண்டும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை இன்றும் சிலவே. பிள்ளைகளும் சார்ந்ததன் இயல்பே ஆவர். அவர்கள் சாரும் இடத்தை அமைப்பது நம் கடன்.